நாலு காசு

(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இலக்கியம் பயின்ற பெரியோர் பலர் இச்சபையில் இருக்க, ரயில்வே அலுவலகத்தில் கணக்கு எழுதிவரும் என்னைப் பேசப் பணித்தார் நமது காரியதரிசி. என்னிடம் பழைய நாணயங்கள் சில இருப்பதை அவர் அறிவார். "காசைப் பற்றி நீங்கள் பேசுங்கள்; சந்தா பாக்கியைப் பற்றி நான் பேசிக்கொள்கிறேன்" என்று எல்லையும் வகுத்துக் கொடுத்துவிட்டார். அவ்வெல்லையை மீறாமல் ஒரே ஒரு காசைப் பற்றி மட்டும் சொல்ல விரும்புகிறேன்.

அக்காசு இப்போது முன்வரிசையில் கைமாறிக்கொண்டிருக்கிறது. குழந்தைகள் வாயில் போட்டுக்கொள்ளாதபடி தாய்மார்கள் பார்த்துக்கொள்ள வேண்டும். கட்டைவிரல் நகத்தளவே உள்ள செப்புக்காசு அது. வட்டம் செம்மையாக இல்லை. முத்திரையும் நடுவே விழாமல் ஒருபுறம் ஒதுங்கியிருக்கிறது. ஒரு பக்கத்தில் ஒரு கிரீடம். அதன் கீழே எஃப், ஆர் என்னும் எழுத்துக்கள் கொடிபோல் பின்னிக் கிடக்கின்றன. அவற்றோடு ஆறு என்பதைக் குறிக்கும் உரோமானிய இலக்கம். மறுபக்கத்தில் மூன்று வரிகள். மேல்வரியில் நான்கைக் குறிக்கும் உரோமானிய இலக்கம். கீழ்வரியில் ஆண்டு, 183 வரைக்கும் தெரிகிறது, கடைசி இலக்கம் தேய்ந்து போயிற்று. நடுவரியை எழுத்துக் கூட்டத் தெரிந்த சிறுவன் எவனும் படித்துவிடலாம்: கே, ஏ, எஸ். காஸ். அதாவது, நாலு காசு.

நாலு காசு சம்பாதிக்க வேண்டும் என்றுதானே நம்மில் பலருடைய தந்தையரும் பாட்டனாரும் மெயில் வண்டி ஏறிக் கல்கத்தாவுக்கு வந்து சேர்ந்தார்கள்? அவ்வழக்கு இந்த நாணயத்திலிருந்து பிறந்தது என்று நான் சொல்லவில்லை. நாலு பேர், நாலு இடம் என்பதுபோல நாலு காசும் நம் பேச்சில் இயல்பாக வருவது. ஆயினும் நாம் வாய்ச்சொல்லாகச் சொல்லுவதை அந்நிய தேசத்து மன்னர் ஒருவர் செம்பில் அடித்துக் கையில் கொடுத்திருக்கிறார் என்பது வேடிக்கையான விஷயந்தான்.

அம்மன்னர் டென்மார்க் தேசத்து ஆறாம் பிரெடரிக். 1808 முதல் 1839 வரையில் அரசாண்டவர். காசு அடிக்கப்பட்ட ஊர் தரங்கம்பாடி. என் தாயாரின் பிறந்தகம் அவ்வூருக்கு அருகே உள்ளது. பாட்டியாரின் அஞ்சறைப் பெட்டியில் வெந்தயத்தோடு வெந்தயமாக இக்காசு கிடந்தது. என் வரலாறு இவ்வளவு போதும். காசின் வரலாற்றுக்கு வருவோம்.

1620ஆம் ஆண்டில் தஞ்சையை ஆண்ட இரகுநாத நாயக்கருக்கும் டேனிஷ்காரர்களுக்கும் உடன்படிக்கை ஏற்பட்டது. ஓவ் கெட்டே என்னும் கப்பற்படைத் தலைவர் கடற்கரையில் டான்ஸ்போர்க் என்ற கோட்டையை எழுப்பினார். அக்கோட்டை இன்றும் நிற்கிறது. பக்கத்தில் பாண்டியர் காலத்து மாசிலாமணிநாதர் கோயிலைக் கடல் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துத் தின்றிருப்பதையும் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். முதலில் வியாபாரக் கம்பெனியார் நிர்வாகம் செய்தனர். 1777 முதல் ஊர் நேராக அரசருடைய ஆட்சிக்குள் வந்தது. கம்பெனியார் காலத்துக் காசுகளில் ஈயக்காசும் உண்டு, செப்புக்காசும் உண்டு. நான் கொண்டுவந்தது அரசர் காலத்தது.

டென்மார்க் என்பது ஜெர்மனியில் சேர்ந்ததுதானே என்று என் அலுவலக நண்பர் ஒருவர் கேட்டார். அன்று, அது தனி ராஜ்யம். ஆனால் அவர் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. டென்மார்க்கின் அரச வம்சம் ஓல்டன்பர்க் என்னும் ஜெர்மானிய வம்சம். ஆறாம் பிரெடரிக் மன்னர் ஹோல்ஸ்டைன் என்ற ஜெர்மானியப் பிரதேசத்துக்கும் கோமகனாக இருந்தவர். 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கித் தமிழ் கற்று, அச்சுக்கூடம் வைத்து, 1715க்குள் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்த சீகன்பால்கு ஐயரும் சாக்ஸனியைச் சேர்ந்த ஜெர்மானியரே.

அக்காலத்து ஜெர்மனியோ ஒரு தேசம் அன்று. பிரஷ்யா, பவேரியா, சாக்ஸனி, ஹானோவர் என்று ராஜ்யங்கள் பல. ஒவ்வொன்றும் தன் பெயரில் செப்புச் சில்லறை அடித்தது. அவற்றில் 'பெனிக்' என்று பொறித்திருக்கும். பெனிக் அந்நாட்டு மக்களின் சொந்தச் சொல். அந்நாட்டு மன்னர் அதைப் பொறித்ததில் ஆச்சரியமில்லை. டென்மார்க் மன்னரும் தம் தலைநகரில் அடித்த சில்லறைக்கு 'ஸ்கில்லிங்' என்று தம் மொழிப் பெயரையே இட்டார். தரங்கம்பாடிக்கு வந்ததும் ஸ்கில்லிங் எங்கே போயிற்று? அங்கே அது எடுபடாது. கீரைக்காரியும் மீன்காரியும் ஸ்கில்லிங்கைக் கண்டார்களா? சந்தையில் வாங்கிக்கொள்ளும் காசாக இருக்க வேண்டுமானால் சந்தையின் சொல்லைத்தான் பொறிக்க வேண்டும். கிரீடம் அரசருடையது, பெயர் கீரைக்காரியுடையது. எண்பது காசு ஒரு ஃபானோ என்பது அவர்கள் கணக்கு. ஃபானோ என்பதும் நம் பணம் என்னும் சொல்லே. எட்டு ஃபானோ ஒரு ரூபாய்.

ஆகவே ஒரு ரூபாய்க்கு 640 காசு. இளைஞர்களுக்கு அணா பைசாக் கணக்குத் தெரியாது. 1957 ஏப்ரல் முதல் தேதி நயா பைசா வந்ததோடு அது போய்விட்டது. பதினாறு அணா ஒரு ரூபாய், பன்னிரண்டு பைசா ஓர் அணா. ஆக ரூபாய்க்கு 192 பைசா. இந்த நாலு காசு நாணயம் 160 சேர்ந்தால் ஒரு ரூபாய். எனவே இதன் மதிப்பு ஒரு பைசாவுக்குச் சற்று மேல். பத்துக் காசு நாணயமும் தரங்கம்பாடியில் அடித்தார்கள். அது ரூபாயில் 64இல் ஒரு பங்கு. அப்படியே காலணாவுக்குச் சமம். வேலைக்காரனுக்கும் காய்கறிக்காரிக்கும் வேண்டிய காசு இந்தச் செம்புதான். வெள்ளியும் பொன்னும் அவர்கள் கைக்கு எட்டாதவை.

இங்கே ஒரு விஷயத்தைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். மேடைகளில் அடிக்கடி கேட்கிறோம்: ஆங்கிலத்தில் 'கேஷ்' என்கிறார்களே, அது நம் காசுதான் என்று. கைதட்டலும் பலமாக எழுகிறது. நானும் நாள்தோறும் கேஷ் கவுண்டரைத் தாண்டிப் போகிறவன். அந்தக் கேஷ் நம் காசு அன்று. அது பெட்டி என்று பொருள்படும் ஒரு சொல்லிலிருந்து இத்தாலிய, பிரெஞ்சு மொழிகளின் வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. பணம் வைக்கும் பெட்டி. பிறகு பெட்டியிலுள்ள பணம். ஆனால் ஆங்கிலத்தில் இன்னொரு கேஷ் உண்டு. கிழக்கு நாடுகளின் சிறு செப்பு நாணயத்தைக் குறிக்கும் சொல் அது. அதுவே நம் காசு. போர்த்துக்கீசியர் காசு என்பதைக் கேட்டுத் தம் மொழியில் பெட்டியைக் குறிக்கும் 'காய்ஷா' என்ற சொல்லோடு கலந்துவிட்டார்கள். அவர்கள் வாயிலிருந்து மற்ற ஐரோப்பியரும் பெற்றார்கள். சீன தேசத்தில் நடுவே சதுரத் துளையிட்ட செப்பு நாணயத்துக்குங்கூட ஐரோப்பியர் இப்பெயரையே இட்டார்கள். சீனத்து நாணயத்துக்குத் தமிழ்ப் பெயர்! கைதட்டுவதானால் இதற்குத் தட்டலாம். இரண்டு கேஷையும் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டு பெருமைப்படுவது மட்டும் வேண்டாம். விஷயம் தெரிந்த ஒருவர் எழுந்து மறுத்தால், உண்மையாக நமக்குரியதும் அதோடு அடிபட்டுப் போகும். காசு என்பதே வடமொழியின் கர்ஷம் என்பாரும் உளர். அவ்வழக்கை இங்கே தீர்க்க நான் வரவில்லை. இராசராச சோழர் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுக்களில் நிவந்தங்களைக் காசுக் கணக்கில் வெட்டியிருக்கிறார் என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன்.

ஆங்கிலேயரும் இச்சொல்லுக்குத் தப்பவில்லை. சென்னை ராஜதானிக்காக அவர்கள் 1803இல் இங்கிலாந்தில் இயந்திரத்தில் அடித்து அனுப்பிய செப்பு நாணயங்களில் ஐந்து கேஷ், பத்துக் கேஷ், இருபது கேஷ் என்றே பொறித்தார்கள். 1809 ஜனவரியில் அவ்வகைக் காசுகளை ஏற்றிவந்த 'அட்மிரல் கார்டனர்' என்ற கப்பல் இங்கிலாந்துக் கரையைத் தாண்டும் முன்பே மணல்திட்டில் மோதி மூழ்கிற்று. 1985இல் முக்குளிப்போர் அக்காசுகளை ஏராளமாக எடுத்தார்கள். சென்னைச் சந்தைக்கு வரவேண்டியவை இன்று அந்நாட்டு நாணயக் கடைகளில் விலை போகின்றன.

நாம் கொடுத்தது மட்டும் உண்டா, வாங்கியது இல்லையா என்றால், உண்டு. துட்டு என்கிறோமே, அது டச்சுக்காரரின் 'டொய்ட்' என்னும் செப்புக்காசின் பெயர். அவர்கள் நாகப்பட்டினத்தில் இருந்தார்கள். 1781இல் அதை ஆங்கிலேயரிடம் இழந்தார்கள். ஊர் போயிற்று, துட்டு நம் நாவில் தங்கிவிட்டது. பிரெஞ்சுக்காரரோ புதுச்சேரியில் அடித்த செப்புக்காசில் புதுச்சேரி என்று தமிழ் எழுத்திலேயே பொறித்தார்கள், காரைக்காலுக்கும் அவ்வாறே. நாகப்பட்டினம், காரைக்கால், தரங்கம்பாடி ஆகிய மூன்றும் வரிசையாக ஒரே கடற்கரையில் இருப்பவை. டச்சுத் துட்டும், பிரெஞ்சுக் காசும், டேனிஷ் காசும் ஒரே சுருக்குப்பையில் குலுங்கியிருக்கும். மூன்று ராஜ்யத்துக் காசையும் பிரித்து மாற்றிக் கொடுக்கச் சராபு வேண்டும். அவருக்கு வட்டம் கொடுக்க வேண்டும். நல்ல காசுக்கும் குறைந்த காசுக்கும் உள்ள இந்த வாசி ஏழைகளின் தலையில்தான் விழும். பழைய தொல்லை இது. அதே வட்டாரத்துத் திருவீழிமிழலையில், பஞ்சகாலத்தில் திருஞானசம்பந்தர் பெற்ற படிக்காசுக்குக் கடைக்காரர் வாசி கேட்டார்கள் என்றும், அதைத் தீர்த்தருளுமாறு அவர் இறைவனையே பாடினார் என்றும் வரலாறு கூறுகிறது. ஆண்டவன் கொடுத்த காசுக்கே வட்டம் பிடித்தவர்கள், டென்மார்க் அரசர் கொடுத்ததை விடுவார்களா!

நிற்க. கல்கத்தாவில் இருந்துகொண்டு தரங்கம்பாடிக் கதை எதற்கு என்று சிலர் நினைக்கலாம். ஹௌராவில் பந்தேல் லோக்கல் ஏறுங்கள். பாலி, உத்தர்பாரா, கொன்னகர், ரிஷ்ரா தாண்டியதும் ஸ்ரீராம்பூர், அப்பால் சந்தன்நகர், அதையடுத்துச் சுஞ்சுரா. சுஞ்சுரா 1825 வரை டச்சுக்காரரிடம் இருந்தது. சந்தன்நகர் 1950 வரை பிரெஞ்சுக்காரரிடம். ஸ்ரீராம்பூர் 1755 முதல் டேனிஷ்காரரிடம். நவாப் அலிவர்திகானிடம் அனுமதி பெற்று அமைத்த அவ்வூருக்கு, அப்போதைய அரசர் ஐந்தாம் பிரெடரிக் பெயரால் பிரெடரிக்ஸ்நகர் என்று பெயரும் இட்டார்கள். நம் சோழமண்டலக் கரையில் வரிசையாக நின்ற அதே மூவர் இங்கே ஹூக்ளிக் கரையிலும் வரிசையாக நின்றார்கள்! மாதாந்திர டிக்கெட்டில் இவ்வழியே போய்வரும் நம்மவர் எத்தனை பேர்? சன்னலுக்கு வெளியே நாகப்பட்டினமும் காரைக்காலும் தரங்கம்பாடியும் போகின்றன என்று எவருக்கும் தோன்றியதில்லை.

ஸ்ரீராம்பூரில் இறங்கி ஆற்றங்கரைக்கு நடந்தால், நீதிமன்ற வளாகத்துக்கு அருகே புனித ஓலாவ் தேவாலயம் இருக்கிறது. 1806இல் கட்டி முடிக்கப்பட்டது. அதன் முகப்பில் ஏழாம் கிறிஸ்தியான் மன்னரின் முத்திரை எழுத்து கிரீடத்தோடு பொறிக்கப்பட்டிருக்கிறது. அம்மன்னர், நம் காசின் அரசருக்குத் தந்தை. தரங்கம்பாடிக்குள் நுழையும் இடத்தில் 1792இல் கட்டிய கோட்டைவாசல் ஒன்று உண்டு. அதுவும் அம்மன்னர் காலத்தது, அரச சின்னம் தாங்கியது. அவர் காலத்துத் தரங்கம்பாடிச் செப்புக்காசிலோ அவருடைய அதே பின்னிய எழுத்து. ஹூக்ளிக் கரையில் கோபுர முகப்பில் பெரிதாக இருப்பது, காவிரி கடலில் கலக்கும் நாட்டில் நகத்தளவுச் செம்பில் சிறிதாக இருக்கிறது. நான் முதன்முறை அத்தேவாலயத்தைப் பார்த்தபோது, காசைப் பையிலிருந்து எடுத்து அண்ணாந்து ஒப்பிட்டேன். அங்கே நின்ற வங்காளி முதியவர் ஒருவர் நான் காணிக்கைக்குச் சில்லறை தேடுவதாக எண்ணி, இங்கே காணிக்கை கட்டாயமில்லை என்று அன்போடு சொன்னார்!

ஆறாம் பிரெடரிக் மன்னருக்கும் ஸ்ரீராம்பூருக்கும் இதைவிடப் பெரிய தொடர்பு உண்டு. கேரி, மார்ஷ்மன், வார்டு என்னும் மூவர் அங்கே 1800இல் அச்சகம் நிறுவி, 1818இல் கல்லூரியும் தொடங்கினர். அக்கல்லூரிக்குப் பட்டம் வழங்கும் அதிகாரத்தை 1827இல் சாசனமாக அளித்தவர் இந்த ஆறாம் பிரெடரிக். நாலு காசு நாணயத்தில் பெயர் பொறித்த அதே அரசர். கல்கத்தாப் பல்கலைக்கழகம் 1857இல்தான் வந்தது என்பதை நினைத்தால் அச்சாசனத்தின் பெருமை விளங்கும்.

இனி, மனம் சற்றுக் கசக்கும் பகுதி. நெப்போலியன் காலத்துப் போர்களில் ஆங்கிலேயர் டேனிஷ் ஊர்களை இருமுறை கைப்பற்றினர். ஆறாம் பிரெடரிக் பட்டத்துக்கு வந்த 1808லேயே இரண்டு ஊர்களும் ஆங்கிலேயர் கைக்குப் போய், 1815இல் திரும்பின. ஊர் திரும்பிற்று, வியாபாரம் திரும்பவில்லை. செலவு மிகுந்து வரவு குறைந்தது. 1845 பிப்ரவரி 22இல் எழுதிய உடன்படிக்கையின்படி, அடுத்த அரசர் எட்டாம் கிறிஸ்தியான், தரங்கம்பாடியையும் ஸ்ரீராம்பூரையும் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விற்றுவிட்டார். பாலசோரில் இருந்த ஒரு சிறு நிலத்துண்டும் அதில் சேர்ந்தது. மொத்த விலை பன்னிரண்டரை லட்ச ரூபாய். ஊருக்குப் போகும்போது நாம் பாலசோரைத் தாண்டிப் போகிறோம். நாம் வேலை பார்க்கும் இடத்துக்கு அருகே ஓர் ஊர், போகிற வழியில் ஒரு துண்டு நிலம், போய்ச் சேருகிற சீமையில் ஓர் ஊர். மூன்றுக்கும் ஒரே கிரயப் பத்திரம்.

கணக்கு எழுதுபவன் ஆகையால் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பன்னிரண்டரை லட்சம் ரூபாயை 640ஆல் பெருக்கினால் 80 கோடிக் காசு. இந்த நாணயத்தில் 20 கோடி. கோட்டையும் வீதிகளும் அலுவலகங்களும் அவ்விலையில் அடங்கின. கல்லூரியின் பட்டமளிக்கும் உரிமையை அப்பத்திரத்தில் மறவாமல் காத்தார்கள், அது பாராட்டத்தக்கதே. ஆனால் பாட்டியாரின் பாட்டியாரை யாரும் கேட்கவில்லை. ஸ்ரீராம்பூரில் மகேஷ் ரதத்தை இழுத்த வங்காளியையும் கேட்கவில்லை. காலையில் டென்மார்க் அரசரின் பிரஜையாக எழுந்தவர்கள் இருவரும் கம்பெனியின் பிரஜைகளாகப் படுத்தார்கள். வங்காளிகளுக்கும் நமக்கும் மீன் விஷயத்திலும் அரிசி விஷயத்திலும் உள்ள வேறுபாடுகளைப் பற்றி இம்மன்றத்தில் நிறையப் பேசியாயிற்று. ஒரே பத்திரத்தில் விலைபோனவர்கள் என்ற உறவு இருப்பதையும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளலாம்.

அதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பே, 1835இல், கம்பெனியார் தம் ராஜ்யம் முழுமைக்கும் ஒரே வகை ரூபாயைச் சட்டமாக்கியிருந்தனர். அவ்வாண்டு பொறித்த காலணாச் செப்புக்காசு நம்மில் பலர் வீட்டுப் பூஜை அறையில் இருக்கும். ஸ்டிராண்டு ரோட்டில், கிரேக்கக் கோயிலின் சாயலில் பெரிய தூண்களோடு நிற்கிறதே, 1829இல் வேலை தொடங்கிய பழைய நாணயச்சாலை, அங்கே நீராவி இயந்திரம் வட்டம் பிசகாமல், முத்திரை ஒதுங்காமல் காசுகளைக் கொட்டிற்று. அதன் முன்னே தரங்கம்பாடியின் கோணல் காசு எப்படி நிற்கும்? 1845 வரை ஆண்டு பொறித்து வந்த அது, அத்தோடு நின்றது. அந்த நாணயச்சாலையும் 1952இல் அலிப்பூருக்குப் பெயர்ந்தது. அது வேறு கதை.

ஹௌராவிலிருந்து ஹூக்ளிக்கு முதல் ரயில் ஓடிய 1854 ஆகஸ்டு 15ஆம் நாள், வழியில் ஸ்ரீராம்பூரிலும் நின்றது. அப்போது அது கம்பெனியின் ஊராகி ஒன்பது ஆண்டுகளே ஆகியிருந்தன. மாயவரத்திலிருந்து தரங்கம்பாடிக்கு 1926இல்தான் ரயில் போயிற்று. 1986இல் அதுவும் நிறுத்தப்பட்டுவிட்டது. என் இலாகா விஷயம் ஆகையால் இதற்கு மேல் அபிப்பிராயம் சொல்லாமல் விடுகிறேன்.

முடிப்பதற்குமுன் தாய்மார்களுக்கு ஒரு விண்ணப்பம். தஞ்சை, நாகை, காரைக்கால் பக்கத்துக் குடும்பங்கள் நம் காலனியில் பல இருக்கின்றன. உங்கள் வீட்டில் பழைய செப்புக்காசு இருந்தால், வெள்ளிக்கிழமைதோறும் அதைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். குத்துவிளக்கு பளபளப்பது அழகு; காசுக்கு அது ஆகாது. மேலே படிந்திருக்கும் கருமை அழுக்கு அன்று, செம்பு தனக்குத் தானே போட்டுக்கொண்ட போர்வை. ஒவ்வொரு தேய்ப்பிலும் எழுத்து ஒரு மயிரிழை கரையும். இந்த நாணயத்தின் கடைசி இலக்கத்தைக் கரைத்தது கடற்கரை மணல் அன்று. எங்கள் வீட்டுப் புளிதான். எடைக்குப் போடவும் வேண்டாம். பழைய செம்பின் விலை என்ன கிடைத்துவிடப் போகிறது? ஒரு துண்டுக் காகிதத்தில், யார் வீட்டிலிருந்து வந்தது, எந்த ஊர், யார் கொடுத்தது என்று தமிழில் எழுதி, காசை அதற்குள் மடித்து வையுங்கள். எழுத்து தெரியாவிட்டால் ஞாயிற்றுக்கிழமைகளில் சங்கத்துக்குக் கொண்டுவாருங்கள். நூலகத்தின் பக்கத்து மேஜையில் பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்திருப்பேன்.